முதலில் ஆள், பிறகு வண்டி

உடன்குடியிலிருந்து திருச்செந்தூருக்கும், மெய்ஞ்ஞானபுரத்துக்கும், சாத்தான்குளத்துக்கும் விடியற்காலையில் போகிற மோட்டார் சைக்கிள்களைப் பாருங்கள். பனையேறும் தொழிலாளி போகிறார். வாழைத் தோட்டத்துக் கூலிக்காரர் போகிறார். ஆறுமுகநேரி உப்பளத்துக்கும், தூத்துக்குடி மில்லுக்கும், துறைமுகத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் போகிறார்கள். பின் இருக்கையில் மனைவியோ, தம்பியோ, உடன் வேலை செய்பவரோ உட்கார்ந்திருக்கிறார். ஒரு காலத்தில் வசதி படைத்தவனின் வாகனமாக இருந்தது, இன்று மண்வெட்டியையும் அரிவாளையும் போலத் தொழிலாளியின் கருவியாகிவிட்டது.

இந்தக் கருவிக்கு வருஷந்தோறும் இன்ஷ்யூரன்ஸ் கட்டுகிறோம். எப்படிக் கட்டுகிறோம்? ரோட்டில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்துவார் என்ற பயத்தில் கட்டுகிறோம். "இருப்பதிலேயே குறைந்தது எதுவோ அதைப் போடுங்கள்" என்று ஏஜெண்டிடம் சொல்கிறோம். அவரும் ஒரு தாளைக் கொடுக்கிறார். அதை மடித்து வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறது என்ற நிம்மதியோடு வண்டியை ஓட்டுகிறோம்.

அந்தத் தாள் யாரைக் காப்பாற்றுகிறது? இந்தக் கேள்வியை நம்மில் மிகப் பெரும்பாலோர் கேட்பதில்லை. கேட்டால் அதிர்ச்சிதான் உண்டாகும். அந்தத் தாளில் நாம் இடித்துவிடும் வழிப்போக்கருக்கு நஷ்ட ஈடு உண்டு. வண்டி ஓட்டுகிற நமக்கு இல்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் இல்லை!

மூன்று பாகங்கள்

மோட்டார் சைக்கிள் இன்ஷ்யூரன்ஸ் என்பது ஒரே சரக்கு அல்ல. அதில் மூன்று பாகங்கள் உண்டு.

முதல் பாகம், மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ். நமது வண்டியால் வெளியாள் ஒருவருக்கு உயிர்ச் சேதமோ, காயமோ, பொருட் சேதமோ ஏற்பட்டால் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டைக் கம்பெனி கொடுப்பது. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இதைத்தான்.

இரண்டாவது பாகம், சொந்தச் சேதம். நமது வண்டி மோதி நொறுங்கினாலும், களவு போனாலும், தீப்பிடித்தாலும், வெள்ளத்தில் மூழ்கினாலும் வண்டிக்காகக் கிடைப்பது.

மூன்றாவது பாகம், சொந்த விபத்துக் காப்பு. வண்டியின் உரிமையாளர் தாமே ஓட்டிச் சென்று விபத்தில் இறந்தாலும், கை, கால், கண் இழந்தாலும் அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ கிடைப்பது.

முதல் இரண்டு பாகங்களும் சேர்ந்ததை முழுப் பாலிசி என்கிறார்கள். "பம்பர் டு பம்பர்", "ஜீரோ டெப்" என்றெல்லாம் ஏஜெண்டு அடுக்குகிற பெயர்கள் இரண்டாவது பாகத்தின் மேல் ஏற்றப்படும் கூடுதல் சரக்குகள். விற்கிறவர் வண்டியைப் பற்றியே பேசுகிறார். மூன்றாவது பாகத்தைப் பற்றிப் பேசுவது அபூர்வம். தொழிலாளியின் குடும்பத்துக்கோ அதுவே பிரதானம். வண்டி போனால் கடன் பட்டாவது இன்னொன்று வாங்கலாம். உழைக்கிற கை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரிய வழி என்ன?

ரூ. 714க்கு எதிரே ரூ. 24 லட்சம்

மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸை அலட்சியம் செய்யலாம் என்று இதற்குப் பொருள் அல்ல. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 146வது பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இல்லாமல் ஓட்டினால், 2019ல் திருத்தப்பட்ட சட்டப்படி முதல் தடவை ரூ. 2,000 அபராதம், மறு தடவை ரூ. 4,000. மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு.

ஆனால் அபராதம் சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இன்ஷ்யூரன்ஸ் இல்லாத வண்டி ஒன்று, முப்பத்தைந்து வயதுள்ள கூலித் தொழிலாளி ஒருவரை மோதிக் கொன்றுவிட்டதாக வைத்துக் கொள்வோம். இறந்தவரின் மாத வருமானம் ரூ. 12,000. அவரை நம்பி மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய் என நான்கு பேர். நஷ்ட ஈட்டைக் கணக்கிடும் முறையைச் சுப்ரீம் கோர்ட் 2009லும் 2017லும் அளித்த தீர்ப்புகள் வகுத்திருக்கின்றன. வருஷ வருமானம் ரூ. 1,44,000. வருங்காலத்தில் கூடியிருக்கக் கூடிய வருமானத்துக்காக நூற்றுக்கு 40 சேர்த்தால் ரூ. 2,01,600. இறந்தவர் தமக்காகச் செலவிட்டிருக்கக் கூடிய கால் பங்கைக் கழித்தால் ரூ. 1,51,200. முப்பத்தைந்து வயதுக்குப் பெருக்க வேண்டிய எண் 16. பெருக்கினால் வருவது ரூ. 24,19,200. ஈமச் செலவு முதலியவை இதற்கு மேல்.

இது நியாயமான தொகைதான். இறந்தவரும் ஒரு தொழிலாளி. அவருடைய பிள்ளைகள் சாப்பிட வேண்டும், படிக்க வேண்டும். ஆனால் யார் கொடுப்பது? இன்ஷ்யூரன்ஸ் இருந்தால் கம்பெனி கொடுக்கும். இல்லாவிட்டால் வண்டியின் உரிமையாளர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நில வரிப் பாக்கியை வசூலிப்பது போலக் கலெக்டர் மூலம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வீடும், பத்து சென்ட் விளையும், ஆடு மாடும் ஜப்திக்குப் போகும். ஒரு விபத்தில் இரண்டு ஏழைக் குடும்பங்கள் அழியும்.

இதற்கு எதிரே பிரீமியம் எவ்வளவு? 2022 ஜூன் 1ல் அமலுக்கு வந்த விகிதப்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரை உள்ள வண்டிக்கு வருஷத்துக்கு ரூ. 714. 150க்கு மேல் 350 வரை ரூ. 1,366. வரி தனி. இந்த விகிதத்தைச் சர்க்கார் நிர்ணயிக்கிறது. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விகிதம். ஆகவே "மூன்றாம் நபர் பாலிசியைப் பாதி விலைக்குத் தருகிறேன்" என்று ஒருவன் சொன்னால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். அவன் கொடுப்பது பெரும்பாலும் போலித் தாளாக இருக்கும். பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் இன்ஷ்யூரன்ஸ் பதிவாகியிருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும். படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

பின் இருக்கையில் இருப்பவர் யார்?

இனி நாம் கவனிக்கத் தவறுகிற விஷயத்துக்கு வருவோம்.

பின்னால் உட்கார்ந்திருப்பவரும் மூன்றாம் நபர்தானே என்று நாம் நினைக்கிறோம். நியாயமும் அதுதான். அவர் வண்டியை ஓட்டவில்லை, பிரேக் பிடிக்கவில்லை. அவர் மீது ஒரு தவறும் இல்லை. ஆனால் சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சப் பாலிசி மட்டும் இருந்தால், இலவசமாகப் பின்னால் ஏறி வந்தவருக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2006ல் திலக் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பிறகு 2008லும் அதே கருத்து உறுதிப்படுத்தப்பட்டது.

முழுப் பாலிசி விஷயத்தில் நிலைமை வேறு. முழுப் பாலிசி இருந்தால் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவருக்கும் கம்பெனி பொறுப்பு என்று இன்ஷ்யூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் கம்பெனிகளுக்குத் தெளிவுபடுத்தியது. 2012ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்று, குறைந்தபட்சப் பாலிசிக்கும் முழுப் பாலிசிக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துச் சொன்னது.

இதன் பொருள் என்ன? களை எடுக்கப் போகிற மனைவியைப் பின்னால் ஏற்றிச் செல்கிறார் ஒரு விவசாயத் தொழிலாளி. தேரி மணல் படிந்த வளைவில் வண்டி சறுக்குகிறது. எதிரே வேறு வண்டி இல்லை. மனைவியின் இடுப்பு முறிகிறது. அவரிடம் இருப்பது ரூ. 714 பாலிசி மட்டுமென்றால் கம்பெனி கையை விரித்துவிடும். மனைவி நஷ்ட ஈடு கேட்பதானால் கணவரிடமே கேட்க வேண்டும்! உடன் வேலை செய்யும் தோழரை ஏற்றிச் சென்று அவர் இறந்துவிட்டால், மேலே போட்ட 24 லட்சக் கணக்கு அப்படியே வண்டிக்காரரின் தலையில் விழும்.

நமது கிராமங்களில் தனியாகப் போகிற வண்டி எத்தனை? பெட்ரோல் விற்கிற விலையில் இரண்டு பேர் சேர்ந்து போவதுதான் வழக்கம். பெண் தொழிலாளிகளில் மிகப் பலர் பின் இருக்கையில்தான் வேலைக்குப் போகிறார்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தாலும் இது தெரியும். பின் இருக்கை காலியாக வருகிற வண்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே குறைந்தபட்சப் பாலிசி என்பது, தொழிலாளி வண்டியை உபயோகிக்கிற முறைக்கே பொருந்தாத பாலிசி.

ஓட்டுகிறவருக்கு என்ன?

சொந்த விபத்துக் காப்பின் கதை சுவாரஸ்யமானது. 2018 வரை மோட்டார் சைக்கிள் உரிமையாளருக்கு அது வெறும் ஒரு லட்ச ரூபாய். சென்னை ஐகோர்ட் 2017ல் போட்ட உத்தரவை ஒட்டி, 2018 செப்டம்பரில் ஆணையம் அதைப் பதினைந்து லட்சமாக உயர்த்தியது. அப்போது விதித்த பிரீமியம் வருஷத்துக்கு ரூ. 750. 2019 ஜனவரி முதல் இதைத் தனிப் பாலிசியாகவும் வாங்கலாம் என்று ஏற்பாடு வந்தது. விலையும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசப்படும். ஆகவே இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து வாங்குவது நல்லது. ஒருவர் பெயரில் எத்தனை வண்டி இருந்தாலும் தனிப் பாலிசி ஒன்று போதும்.

இறந்தால் குடும்பத்துக்குப் பதினைந்து லட்சம். இரண்டு கை அல்லது இரண்டு கால், அல்லது இரண்டு கண் போனாலும் பதினைந்து லட்சம். ஒரு கையோ, ஒரு காலோ, ஒரு கண்ணோ போனால் பாதி. யார் மீது தப்பு என்ற வழக்கு இதற்குத் தேவையில்லை. ராத்திரி ரோட்டில் படுத்திருந்த மாட்டின் மேல் மோதினாலும், தாமே சறுக்கி விழுந்தாலும் உண்டு. மற்ற நஷ்ட ஈடுகள் கிடைக்கப் பெரும்பாலும் எதிர் வண்டி ஒன்று வேண்டும், அதன் டிரைவர் மீது தப்பும் இருக்க வேண்டும். தானாக விழுந்தவரின் குடும்பத்துக்கு மூன்றாம் நபர் பாலிசியில் ஒரு காசும் கிடையாது.

மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தால், வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ ஏற்படும் விபத்தும் தொழில் விபத்தாகக் கருதப்படும். 2010ல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட உரிமை இது. விவசாயத் தொழிலாளிக்கு, பனையேறிக்கு, கட்டிட வேலைக்குப் போகிறவருக்கு அந்தப் பாதுகாப்பும் பெரும்பாலும் கிடையாது. ஆகவே அவர்களுக்குத்தான் சொந்த விபத்துக் காப்பு மற்ற எவரையும் விட அவசியம்.

இத்துடன் இன்னொன்று. பாங்கியில் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயது வரையுள்ளவர்களுக்கு வருஷம் ரூ. 20 பிடித்துக் கொண்டு, விபத்தில் இறந்தால் ரூ. 2 லட்சம் தரும் மத்திய சர்க்கார் திட்டம் ஒன்று இருக்கிறது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்று பெயர். தொகை போதாது என்பது உண்மை. ஆனாலும் பின்னால் உட்காருகிற மனைவி, மகன், மகள் ஒவ்வொருவர் பெயரிலும் இருக்கட்டும். ஒரு டீக்கும் வடைக்கும் ஆகும் காசு.

வண்டிக்கு எவ்வளவு?

இப்போது வண்டியைப் பார்ப்போம். வண்டி ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் அதன் மதிப்பு இறங்கத் தொடங்குகிறது. பாலிசிக் கணக்கில் ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 5 போய்விடும். இரண்டாம் வருஷத்தில் 20, மூன்றாம் வருஷத்தில் 30, நான்காம் வருஷத்தில் 40, ஐந்தாம் வருஷத்தில் 50. களவு போனால் கிடைப்பது இந்த இறங்கிய மதிப்புத்தான். நாம் கொடுத்த விலை அல்ல. வண்டி மீது கடன் இருந்தால் அந்தப் பணமும் முதலில் பைனான்ஸ் கம்பெனிக்கே போகும். கடனுக்கு வண்டி கொடுக்கிறவன் முழுப் பாலிசி வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பது எதற்காக என்று இப்போது புரியும். அவன் பார்ப்பது தன் பணத்தை. நாம் பார்க்க வேண்டியது நம் ஆளை.

அப்படியானால் சொந்தச் சேதப் பாகம் வீணா? வீணல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஜில்லா மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. வீட்டு வாசலிலும் தெருவிலும் நின்ற மோட்டார் சைக்கிள்கள் சேற்றில் புதைந்தன. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு இதில் நஷ்ட ஈடு கேட்கவே வழியில்லை. வெள்ளச் சேதம் சொந்தச் சேதப் பாகத்தில்தான் அடங்கும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மூழ்கிய வண்டியைக் கிக் அடித்து ஸ்டார்ட் செய்து, எஞ்சினுக்குள் தண்ணீர் இழுத்துக் கெட்டால், அது வெள்ளத்தின் சேதமல்ல, உன் செய்கையின் விளைவு என்று கம்பெனி தட்டிக் கழிக்கும். ஆகவே மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தெரிவித்துவிட்டுத் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

நமது கடற்கரையில் உப்புக் காற்று வண்டியை அரித்துத் தின்கிறது. துருப்பிடிப்பதற்கும், தேய்வதற்கும், டயர் வழுக்கையாவதற்கும் எந்தப் பாலிசியிலும் நஷ்ட ஈடு கிடையாது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள் உடைந்தால் பாதி விலைதான் தருவார்கள். "ஜீரோ டெப்" என்பது இந்தப் பிடித்தத்தை நீக்குகிற கூடுதல் சரக்கு. புது வண்டிக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் அதை யோசிக்கலாம். பழைய வண்டிக்கு அது வேண்டியதில்லை.

ஐந்து வருஷம் என்ற மயக்கம்

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை டாக்டர் ராஜசேகரன் ரோடு விபத்துகளைக் குறித்துச் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் வந்த உத்தரவுப்படி, அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் புது மோட்டார் சைக்கிளுக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸை வாங்கும்போதே கட்ட வேண்டும். நல்ல உத்தரவுதான். நாட்டில் ஓடும் வண்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு இன்ஷ்யூரன்ஸ் இல்லாதவை என்ற நிலைமை அப்போது கோர்ட்டின் முன்னால் வைக்கப்பட்டது.

ஆனால் இதிலிருந்து ஒரு மயக்கம் பிறந்திருக்கிறது. "ஐந்து வருஷத்துக்குக் கட்டியாகிவிட்டது, இனிக் கவலையில்லை" என்று நினைத்துக் கொள்கிறோம். பாலிசித் தாளை நன்றாகப் படியுங்கள். அதில் இரண்டு தேதிகள் இருக்கும். ஐந்து வருஷம் என்பது மூன்றாம் நபர் பாகத்துக்கு மட்டும். சொந்தச் சேதப் பாகம் வழக்கமாக ஒரு வருஷத்தோடு தீர்ந்துவிடும். சொந்த விபத்துக் காப்புக்கும் தனித் தேதி இருக்கும். முதல் வருஷம் முடிந்து அவற்றைப் புதுப்பிக்காவிட்டால், கையில் மிஞ்சுவது பின் இருக்கைக்காரரைக் காப்பாற்றாத அதே குறைந்தபட்சப் பாலிசிதான்.

பெயரும் லைசென்சும்

சரியான பாலிசி எடுத்தும் பயனில்லாமல் போவது இரண்டு காரணங்களால்.

ஒன்று பெயர். நம்மில் பலர் வாங்குவது பழைய வண்டி. ரூபாயைக் கொடுத்து வண்டியை ஓட்டி வந்துவிடுகிறோம், ஆர்.சி. புத்தகத்தில் பழைய உரிமையாளர் பெயரே கிடக்கிறது. சொந்த விபத்துக் காப்பு பதிவு பெற்ற உரிமையாளருக்குத்தான். பெயர் மாற்றாதவர் இறந்தால் அவர் குடும்பம் கேட்க முடியாது. விற்றவருக்கும் ஆபத்து உண்டு. ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 2018ல் சொல்லிவிட்டது. வாங்கினவரும் விற்றவரும் சேர்ந்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயரை மாற்றுவதோடு, பதினான்கு நாளைக்குள் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரவல் வண்டியும் இப்படித்தான். இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்திலேயே நிற்கிறார். அவர் மூன்றாம் நபர் அல்ல என்று 2009லும் 2020லும் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. பக்கத்து வீட்டு வண்டியை எடுத்துக் கொண்டு போய்த் தாமே விழுந்தால், அந்த வண்டியின் மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் கைகொடுக்காது.

இரண்டு, லைசென்ஸ். லைசென்ஸ் இல்லாதவருக்குச் சொந்த விபத்துக் காப்பு இல்லை. லைசென்ஸ் இல்லாதவர் வெளியாளை இடித்தால், கம்பெனி முதலில் நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூல் செய்யலாம் என்று 2004ல் ஸ்வரண் சிங் வழக்கில் தீர்ப்பாயிற்று. பதினாறு வயதுப் பையன் கையில் சாவியைக் கொடுப்பது வீட்டுப் பத்திரத்தைக் கொடுப்பதற்குச் சமம். அதற்கு மேல், பையன் செய்த குற்றத்துக்குத் தகப்பனுக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் உண்டு. குடித்துவிட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அங்கே சொந்த விபத்துக் காப்பு பறிபோகிறது.

எதை எடுப்பது?

இத்தனையும் பார்த்த பிறகு முடிவு கடினமல்ல.

எந்த நிலைமையிலும் விடக்கூடாதவை இரண்டு: மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ், பதினைந்து லட்சச் சொந்த விபத்துக் காப்பு. கூலி குறைந்த மாதத்தில்கூட இவற்றைத் தள்ளிப் போடலாகாது.

பின்னால் ஆள் ஏற்றுகிறவர் முழுப் பாலிசியே எடுக்க வேண்டும். வண்டி பழையது, மதிப்பு இருபது இருபத்தையாயிரம்தான், அதற்கு எதற்கு முழுப் பாலிசி என்று கேட்கலாம். மதிப்புக் குறைவாக இருப்பதால்தான் சொந்தச் சேதப் பாகத்தின் பிரீமியமும் குறைவு. சில நூறு ரூபாய்தான் கூடும். அந்தச் சில நூறைத் தகர டாங்கிக்காகக் கொடுக்கவில்லை, பின் இருக்கையில் இருக்கிற உயிருக்காகக் கொடுக்கிறோம். வண்டி மிகப் பழையது என்று கம்பெனி முழுப் பாலிசி தர மறுத்தால், பின் இருக்கைக்காரருக்கான விபத்துக் காப்பையாவது கேட்டுச் சேர்க்க வேண்டும். தொகை சிறியது, ஆனால் இல்லாததற்கு மேல்.

எப்போதும் தனியே போகிறவர், வண்டியும் பத்து வருஷப் பழையது என்றால், சொந்தச் சேதப் பாகத்தை விட்டுவிடலாம். புது வண்டியோ, கடன் வண்டியோ என்றால் முழுப் பாலிசியைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். காலாவதியாகித் தொண்ணூறு நாள் தாண்டினால், நஷ்ட ஈடு கேட்காத வருஷங்களுக்காகக் கிடைக்கிற தள்ளுபடியும் போய்விடும். "ரோட் சைட் அஸிஸ்டன்ஸ்" போன்ற அலங்காரங்களை வேண்டாம் என்று சொல்லத் தயங்கக் கூடாது.

சங்கமும் சர்க்காரும்

1973 ஜனவரி 1ல் பொது இன்ஷ்யூரன்ஸ் தேசியமயமாயிற்று. 107 கம்பெனிகளை நான்கு பொதுத்துறை நிறுவனங்களாக்கினார்கள். லாபத்துக்காக மட்டும் நடக்கிற தொழிலாக இது இருக்கலாகாது என்பதே அதன் நியாயம். 1999ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு தனியார் மறுபடியும் வந்தார்கள். 2021ல் அந்நிய மூலதனத்துக்கு 74 சதவிகிதம் வரை கதவு திறக்கப்பட்டது. போட்டி வந்தால் ஏழைக்கு நல்லது நடக்கும் என்றார்கள். ஆனால் பின் இருக்கையில் உட்காரும் கூலிக்காரப் பெண்ணுக்குக் குறைந்தபட்சப் பாலிசியில் இடம் இல்லை. கட்டாயப் பாலிசியின் விகிதத்தையும் நிபந்தனையையும் நிர்ணயிப்பது சர்க்கார்தானே? சட்டத்தைத் திருத்திப் பின் இருக்கைக்காரரையும் கட்டாயக் காப்புக்குள் கொண்டுவர வேண்டும். இது நமது கோரிக்கையாக வேண்டும். லைசென்சுக்கும் பெயர் மாற்றத்துக்கும் கிராமங்களிலேயே முகாம் நடத்த வேண்டும். புரோக்கருக்கு ஆயிரக்கணக்கில் அழாமல் அந்த வேலை முடிய வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை சும்மா இருக்க முடியாது. ஒவ்வொரு சங்கக் கிளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூட வேண்டும். ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி மூன்றையும் உறுப்பினர்கள் கொண்டு வரட்டும். ஒரு நோட்டில் பெயர், வண்டி எண், மூன்று பாகங்களும் தீருகிற தேதி எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். தேதி நெருங்கும்போது சொல்லிவிட ஒரு தோழரைப் பொறுப்பாக்க வேண்டும். விபத்து நடந்தால் எப்.ஐ.ஆர். நகல் வாங்குவதற்கும், நஷ்ட ஈட்டு மனுவைக் காலத்தோடு போடுவதற்கும் அவரே உதவ வேண்டும். 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தப்படி ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று இருக்கிறது. அந்த விதியை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு இருந்தாலும், அதை நம்பி நாளைக் கடத்தலாகாது. மோதிவிட்டு ஓடிய வண்டி எது என்று தெரியாவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு ரூ. 2 லட்சமும், கொடுங்காயத்துக்கு ரூ. 50,000மும் உண்டு. வருவாய்த் துறை அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். நமக்கு அது திருச்செந்தூரிலேயே இருக்கிறது.

இன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் வண்டிப் பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுங்கள். வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யாரோ அவரைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். நான் இடித்தால் யார் கொடுப்பது? பின்னால் இருப்பவர் விழுந்தால் யார் கொடுப்பது? நான் விழுந்தால் என் வீட்டுக்கு என்ன கிடைக்கும்? வண்டி போனால் எவ்வளவு? இந்த நான்கு கேள்விகளையும் இதே வரிசையில் கேளுங்கள். முதல் மூன்றில் ஒன்றுக்காவது தாளில் பதில் இல்லையென்றால், அடுத்த கூலி வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.